பரவாயில்லை என்று மூன்று கட்டத்தில் எழுதினேன்

ஷெட்டில் அன்றைக்கு இருந்தவர்கள்: முதலாளி. முதலாளியின் மகன். கண்டக்டர். மெக்கானிக், அவர் பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தார், கால் மட்டும் தெரிந்தது. நான்.

நான் டிரைவர். பொன்னமராவதியில் காலை பத்தேகாலுக்கு எடுத்தால் பன்னிரண்டரைக்கு விராலிமலை, அங்கிருந்து திருச்சி. விராலிமலையில் சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம் நிற்க வேண்டும். அறுபதாம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால் நடந்தது இது.

அதுவரை பஸ் நின்ற கடைக்காரர் வயசாகி, கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். இனி எந்தக் கடையில் நிற்பது என்று ஒரு கேள்வி வந்தது. சின்னக் கேள்வி மாதிரித்தான் இருக்கும். ஆனால் ஒரு பஸ் நின்றால் ஒரு கடை பிழைக்கும். நிற்காவிட்டால் சோற்றை வடித்து வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மூன்று கடைக்காரர்கள் முதலாளியிடம் ஆள் விட்டுக் கேட்டிருந்தார்கள்.

"டிரைவர்கிட்ட விட்டா, எவன் கோழிக்கால் வைக்கிறானோ அவன் கடையிலதான் பஸ் நிக்கும்" என்றார் முதலாளி. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அவர் மகன் பட்டணத்தில் காலேஜ் படித்துவிட்டு வந்த புதிது. எதையும் தாளில் கோடு போட்டுத்தான் பார்ப்பார். என்னிடம் ஒரு நோட்டை நீட்டினார். கடைக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு மூன்று கட்டம். சாப்பாடு, உபசரிப்பு, இடம் என்று மேலே எழுதியிருந்தது.

"ஒரு கடைக்கு ஒரு வாரம். மூணு வாரமும் சாப்பிட்டுப் பார்த்து நீங்களே எழுதுங்க டிரைவர். படிச்சுப் பார்த்து முடிவு பண்றேன்."

"கண்டக்டர் எழுதட்டும்" என்றேன்.

"அவன் எழுதுனா நோட்டு பத்தாது" என்று பஸ்ஸுக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது.

கண்டக்டர் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். "நீரு நட்ட முடுக்குமய்யா" என்றார்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். எழுத வரும். மெதுவாக வரும். நோட்டை வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்தேன்.

முதல் வாரம் கண்ணாடிக் கடை. கடைக்கு வேறு பெயர் இருந்தது. வாசலில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி பீரோ, அதில் மைசூர்பாகு அடுக்கியிருக்கும். அதனால் எல்லோரும் கண்ணாடிக் கடை என்பார்கள். நாற்சந்தியை ஒட்டி, பஸ் திரும்புகிற இடத்தில் இருந்தது. ரேடியோ உண்டு. கல் போட்ட மேஜை உண்டு. கடைக்காரர் வாசலுக்கே வந்து கும்பிட்டு எங்களை உள் அறைக்குக் கூட்டிப் போனார். தலைவாழை இலை. இரண்டு கூட்டு. அப்பளம் கேட்காமலே நாலு. பாயாசம்.

"அண்ணே, இன்னும் ரெண்டு கடையையும் நாம பாக்கணுமா?" என்றார் கண்டக்டர்.

இரண்டு நாள் உள்ளே சாப்பிட்டேன். பஸ் ஓட்டுகிறவனுக்கு வைக்கிற சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸில் வருகிறவனுக்கு வைக்கிற சாப்பாட்டைப் பற்றி எழுத முடியாது. மூன்றாம் நாள் வெளியே போய் பயணிகளோடு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"பாயாசம் உள்ளதாண்ணே வரும்" என்றார் கண்டக்டர்.

"நீ உள்ளயே சாப்புடு."

எனக்கு இந்தப் பக்கம் ஒரு சம்சாரி, கூடையில் சேவலோடு. அந்தப் பக்கம் மலைக்கோயிலுக்கு நேர்த்திக்கடன் செலுத்த வந்த ஒரு குடும்பம், முருகனுக்கு வைக்கிற சுருட்டுக் கட்டோடு. இலையில் சோறு விழுந்தது. ஆவி முகத்தில் அடித்தது. சாம்பார் ஊற்றினார்கள். அது இலையிலும் கொதித்தது. எல்லோரும் ஊதினார்கள். நானும் ஊதினேன். உள் அறையில் எங்களுக்கு ஊற்றிய சாம்பாரில் கை வைக்க முடிந்தது. இது வேறு சாம்பார் இல்லை. அதே சாம்பார். எங்களுக்கு ஆறவைத்தது, இவர்களுக்கு அடுப்பிலிருந்து நேராக வருவது.

சூடாகப் போடுவது நல்லதுதானே என்று தோன்றும். வீட்டில் நல்லது. இருபது நிமிஷத்தில் பதினைந்து நிமிஷம் ஊதுவதற்கே போய்விட்டது. ரசம் வந்தபோது யாரும் இலைப் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. கண்டக்டர் வெளியே வந்து விசில் ஊதினார். பாதி இலையோடு எழுந்தார்கள். இரண்டாம் தடவை சோறு கேட்டவர் ஒருவரும் இல்லை. கேட்க நேரமில்லை. சேவல்காரர் அவசரத்தில் ஒரு வாய் ரசத்தை விழுங்கிவிட்டார். அதற்கப்புறம் கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. கையைக் காட்டினார்.

மீதி நாளும் வெளியேதான் சாப்பிட்டேன். தினமும் கொதித்தது.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் பேனாவோடு வந்தார்.

"நோட்டுல எழுதியாச்சுங்களா?"

"இல்லீங்க."

"இங்கயே எழுதிருங்களேன். பேனா இருக்கு."

கல் மேஜையில் நோட்டை விரித்தேன். அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். மூச்சு என் காதில் பட்டது. ஒருவர் கடையில் உட்கார்ந்து, அவர் சோற்றைத் தின்று, அவர் பேனாவால், அவர் பார்க்க எழுதுவது என்றால் எழுதுவதற்கு ஒன்றுதான் இருக்கிறது. மூன்று கட்டத்திலும் நல்லா இருக்கிறது என்று எழுதினேன். அவர் வாசித்துவிட்டு மைசூர்பாகு ஒரு பொட்டலம் கொடுத்தார். நான் வாங்கவில்லை. கண்டக்டர் வாங்கினார்.

இரண்டாம் வாரம் கறிக்கடை. கடைக்காரர் மலேயாவிலிருந்து திரும்பி வந்தவர். கறி நன்றாக வெந்திருந்தது. அதில் குற்றமில்லை. காரம் கொஞ்சம் தூக்கல். யாராவது குழம்பு இன்னொரு கரண்டி கேட்டால், "ஒங்க வீட்டுலயும் இப்படித்தான் கேப்பியளா?" என்பார். கேட்டவர் வீட்டை இழுத்ததற்குப் பதில் சொல்வார். இவர் அதற்குப் பதில் சொல்வார். ஒரு நாள் பேச்சு முற்றி, ஒரு பயணி இலையை எடுத்துக்கொண்டு போய் பஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஈ நிறைய. வெள்ளிக்கிழமை மலைக்குப் போகிறவர்கள் கடைக்குள்ளேயே வரவில்லை. பஸ்ஸிலேயே வாழைப்பழம் உரித்தார்கள்.

அந்த வாரம் நோட்டில் எழுதும்போது யாரும் பார்க்க வரவில்லை. சாப்பாடு: சாப்பிடலாம். உபசரிப்பு: சண்டை. இடம்: ஈ.

மூன்றாவது கடை நாற்சந்திக்குக் கால் மைல் முன்னாலேயே வந்துவிடும். கீற்றுக் கொட்டகை, சாணி மெழுகிய தரை, நாலு பெஞ்சு. ஆவூரைச் சேர்ந்த அம்மாள் ஒருவரும் அவர் வீட்டுக்காரரும் நடத்தினார்கள். வேதக்காரர்கள். கல்லாப்பெட்டிக்கு மேலே மாதா படம் இருந்தது. அம்மாளுக்கு ஐம்பது இருக்கும். பஸ் ஒன்றும் அங்கே நிற்பதில்லை. வண்டிக்காரர்கள், சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவர்கள் என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேர் சாப்பிட்டால் அதிகம்.

"மலைக்குப் போறவுக வேதக்காரவுக கடையில சாப்புடுவாகளாண்ணே?" என்று கண்டக்டர் என்னிடம் கேட்டார். கொட்டகை சின்னது. அம்மாளுக்குக் கேட்டுவிட்டது.

"பசிச்சா சாப்புடுவாக" என்றார். "வெள்ளிக்கெழம அவுகளுக்கும் கறி ஆகாது, எங்களுக்கும் ஆகாது. அன்னிக்கி நீங்க வந்து சாப்புடுங்க கண்டக்டரு. ரெண்டு சாமிக்கும் பொதுவா ஒரு கத்திரிக்காக் கொழம்பு வைக்கிறேன்."

கண்டக்டர் இலையைத் துடைத்தார்.

அங்கே உள் அறை கிடையாது. டிரைவருக்கு என்று தனி இடம் இல்லாததால் எனக்கு வேலை மிச்சம். சோறு சூடாக இருந்தது, ஆனால் கை வைக்கிற சூடு. பஸ் வரும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, கால் மணி முன்னாலேயே சோற்றை வடித்து ஓலைப்பாயில் கொட்டி வைத்திருந்தார். குழம்பில் உப்பு, புளி, காரம் எதுவும் தனியாகத் தெரியவில்லை. சாப்பிட்டு முடித்தபிறகுதான் சாப்பிட்டோம் என்றே தெரிந்தது.

பரிமாறுகிறவர் அவர் வீட்டுக்காரர். அவருக்குக் காது மந்தம். போதும் என்றால் கேட்காது. வேண்டும் என்றாலும் கேட்காது. அதனால் வாயைப் பார்க்கவே மாட்டார், இலையைத்தான் பார்ப்பார். சோறு எந்தப் பக்கம் குறைகிறது, குழம்பு எங்கே வற்றுகிறது என்று பார்த்துக்கொண்டே வருவார். நினைத்து முடிப்பதற்குள் ரசம் வந்துவிடும். கேட்டு வாங்குகிற வேலையே இல்லை. கூச்சப்பட்டுக்கொண்டு அரை வயிற்றோடு எழுந்திருக்கிற ஆள்கள் உண்டு, முக்கியமாகப் பெண்கள். அந்த வாரம் எங்கள் பஸ்ஸில் வந்த பெண்கள் எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள்.

கொட்டகைக்குப் பின்னால் வேப்பமரம். காற்று வரும். மலையிலிருந்து மயில்கள் இறங்கி வந்து எச்சில் இலையைக் கொத்தும். ரேடியோ கிடையாது. மயில் கத்தும். அது ரேடியோவை விடச் சத்தம்.

புதன்கிழமையோ வியாழக்கிழமையோ, கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அம்மாள் என்னிடம் சொன்னார்.

"தம்பி, எலையில பாத்து எழுதுங்க. மொகத்தப் பாத்து எழுத வேணாம். ஆனா ஒண்ணு. பஸ்ஸு இங்க நிக்கலைன்னா இந்த மாசத்தோட கடையப் பிரிச்சுருவோம். ஆவூர்ல எந்தம்பி வாத்தியாரா இருக்கான். அக்கா வந்துரு, வண்டி அனுப்புறேங்கிறான்."

"தம்பி வீடுதானங்கக்கா."

"தம்பி நல்லவன். அவன் பொண்டாட்டியும் நல்லவதான். சோறு போடுவா, கொறை வைக்க மாட்டா. ஆனா அது அவ அடுப்பு. நான் பதினோரு வயசுல கரண்டி புடிச்சவ. இன்னமே ஒருத்தி அடுப்புக்குப் பக்கத்துல சும்மா ஒக்காந்து, என்ன வைக்கிறாளோ அதத் திங்கணும். உப்புப் பத்தலைன்னு சொன்னா வம்பு. சொல்லாட்டி எனக்கு எறங்காது."

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நான் பஸ்ஸுக்குப் போனேன்.

சனிக்கிழமை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதினேன். பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. சாப்பாடு: பரவாயில்லை. உபசரிப்பு: பரவாயில்லை. இடம்: பரவாயில்லை.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் சாப்பாட்டை நல்லாருக்கு என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கண் பட்டு மறுநாள் உப்புக் கூடிவிடும். என் அப்பன் அறுபத்தெட்டு வயசு வரை இருந்தார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பரவாயில்லை என்பார். மற்ற நாளில் ஒன்றும் சொல்ல மாட்டார். பரவாயில்லை என்று அவர் சொன்னால் என் ஆத்தா அன்றைக்கு முழுக்க யாரோடும் சண்டை போட மாட்டாள். நல்லாருக்கு என்பது வேறு வீட்டில் சொல்வது. கல்யாண வீட்டில் சாம்பார் ஊசிப்போய், வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு வந்து "சாப்பாடு எப்படி?" என்று கேட்டால், "நல்லாருக்குங்க, நல்லாருக்குங்க" என்று சொல்லிவிட்டு எழுந்திருப்போம். கேட்டவருக்கும் விஷயம் புரிந்துவிடும்.

கண்டக்டர் நோட்டை எட்டிப் பார்த்தார். அவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்.

"மூணுக்குமாண்ணே?"

"ம்."

"பொண்ணு பாக்கப் போன வீட்டுலகூட நீங்க மூணு தடவ சொல்லிருக்க மாட்டீங்க."

நேராக அடுப்படிக்குப் போய்ச் சொல்லிவிட்டார். அம்மாள் அன்றைக்கு மத்தியானமே ஆவூர்ப் பக்கம் போன ஒரு வண்டிக்காரரிடம், வண்டி அனுப்ப வேண்டாம் என்று தம்பிக்குச் சொல்லி அனுப்பினாராம். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஷெட்டில் நோட்டைக் கொடுத்தேன். முதலாளி மகன் பென்சிலை எடுத்தார். நல்லா இருக்கிறது என்பதற்கு மூன்று மார்க். சாப்பிடலாம் என்பதற்கு இரண்டு. பரவாயில்லை என்பதற்கு ஒன்று. சண்டைக்கும் ஈக்கும் மார்க் இல்லை. கூட்டிப் பார்த்தார். கண்ணாடிக் கடை ஒன்பது. கீற்றுக் கொட்டகை மூன்று. கறிக்கடை இரண்டு.

"தெளிவா எழுதியிருக்கீங்க டிரைவர்" என்றார். "நாளையிலேர்ந்து கண்ணாடிக் கடையில நிறுத்துங்க."

நான் சரிங்க என்றேன். அவர் படித்தவர். எழுதியதைப் படித்தார். எழுதியது நான். எந்த இடத்தில் கோணிப்போனது என்று எனக்கு உடனே புரியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபிறகுதான் புரிந்தது.

திங்கட்கிழமை கீற்றுக் கொட்டகையைத் தாண்டும்போது பெஞ்சில் வரிசையாக இலை போட்டிருந்தது. தண்ணீர் தெளித்த இலை. அம்மாளின் வீட்டுக்காரர் ரோட்டோரத்துக்கு வந்து, வண்டியை எங்கே ஒதுக்குவது என்று கை காட்டிக்கொண்டு நின்றார். நான் நிறுத்தவில்லை. பக்கக் கண்ணாடியிலும் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

கண்ணாடிக் கடையில் எல்லோரும் ஊதத் தொடங்கியதும் கண்டக்டர் சாப்பிடாமல் வந்த வழியே கொட்டகைக்கு நடந்து போனார். திரும்பி வந்து விசில் ஊதினார். திருச்சி வரைக்கும் டிக்கெட் ஊர்ப் பெயர் தவிர ஒன்றும் பேசவில்லை. அவரோடு ஓட்டிய ஆறு வருஷத்தில் அப்படி ஒரு நாள் இருந்ததில்லை.

திருச்சி வந்ததும், "வண்டி அனுப்பச் சொல்லித் தம்பிக்கு ஆளு விட்டுட்டாகண்ணே" என்றார். "நாளைக்கே."

"என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லல. பரவாயில்லைன்னு எழுதுனவரு ஏன் நிக்காமப் போறாருன்னு மட்டும் கேட்டாக."

சாயந்திரம் திரும்பி வரும்போது கொட்டகைப் படல் சாத்தியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு முதலாளி வீட்டுக்குப் போனேன். அதற்கு முன் அந்த வீட்டுக்கு நானாகப் போனதில்லை. முதலாளியும் மகனும் கூடத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளியின் சம்சாரம் அடுப்படியில் இருந்தார்.

"என்னப்பா, பிரேக்கா?" என்றார் முதலாளி.

"இல்லீங்க. நோட்டு."

மகன் நிமிர்ந்தார்.

"சின்ன மொதலாளி, பரவாயில்லைன்னா என்னங்க?"

"சுமார்னு அர்த்தம். வேற ஒண்ணும் கிடைக்கலைன்னா இதைச் சாப்பிடலாம்."

"அப்படி இல்லீங்க."

"பின்ன எப்படி?"

நான் முதலாளியைப் பார்த்தேன். "மொதலாளி, நீங்க வீட்டுச் சமையல என்னன்னு சொல்லுவீங்க?"

முதலாளி இட்லியை வைத்துவிட்டு யோசித்தார். "நான் என்னத்தச் சொன்னேன். மிஞ்சிப்போனா பரவாயில்லைன்னு சொல்லிருப்பேன்."

"முப்பது வருஷத்துல ரெண்டு தடவ" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "ஒண்ணு இவன் பொறந்தப்ப. இன்னொண்ணு ஒங்க அக்கா வீட்டுக்காரரு வந்திருந்தப்ப, விரால் மீன் கொழம்புக்கு."

மகன் அப்பாவைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப கண்ணாடிக் கடைக்கு நல்லா இருக்குன்னு எழுதியிருக்கீங்களே?"

"ரசம் கொதிக்குதுங்க."

"கொதிச்சா?"

"குடிக்க முடியாதுங்க. பஸ்ஸு எடுத்துருவோம். சோறு அவுகளுக்கு மிச்சம்."

"இதை ஏன் நீங்க எழுதல?"

"எழுதிருக்கேன்ல. நல்லாருக்குன்னு."

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை, தோள் ஆடியது. "எலேய், எட்டாயிரம் எழுத்துப் படிச்சு என்ன பண்ண?" என்றார் மகனிடம். "நீயே போய்ச் சாப்புட்டுப் பாரு."

மகன் சட்டையை மாட்டிக்கொண்டு பத்தேகால் பஸ்ஸில் ஏறினார். முன் சீட்டில் உட்கார்ந்தார். நோட்டு மடியில் இருந்தது.

விராலிமலைக்கு முன்னால் கீற்றுக் கொட்டகை வாசலில் மாட்டுவண்டி நின்றது. இரண்டு பெஞ்சு ஏற்கெனவே வண்டியில் இருந்தது. அதன் மேல் சோற்றுக் குண்டான் கவிழ்த்து வைத்திருந்தது. அம்மாளின் தம்பி, வாத்தியார், கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நான் பஸ்ஸை வண்டிக்குப் பின்னால் ஒதுக்கினேன்.

அம்மாள் வெளியே வந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுளுவாக இருந்திருக்கும்.

"சோறு இருக்குங்களாக்கா?"

"வண்டியேத்துறவுகளுக்குன்னு கொஞ்சம் வடிச்சிருக்கு. எத்தன பேருக்கு?"

"ஒருத்தருக்கு. எங்க மொதலாளி மகன்."

மற்ற பயணிகளைக் கண்டக்டர் நாற்சந்திக் கடைகளுக்கு நடத்திக் கூட்டிப் போனார். கால் மைல் வெயிலில் நடந்தார்கள். என்ன சொல்லிக் கூட்டிப் போனார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

மிச்சமிருந்த பெஞ்சில் முதலாளி மகன் உட்கார்ந்தார். அம்மாளின் வீட்டுக்காரர் இலை போட்டார். சோறு, சுண்டைக்காய் வற்றல் குழம்பு, பீர்க்கங்காய்க் கூட்டு, ரசம், மோர். மகன் பட்டணத்தில் ஸ்பூனில் சாப்பிடுவார் என்று கேள்வி. அன்றைக்கு ஐந்து விரலையும் விட்டுச் சாப்பிட்டார். பாதியில் "போதும்" என்றார். இலையில் குழம்பு வற்றியிருந்ததால் இன்னும் கொஞ்சம் சோறு விழுந்தது. அதையும் சாப்பிட்டார். நோட்டைத் திறக்கவே இல்லை.

கை கழுவிவிட்டு அம்மாளிடம் போனார். மனசாரச் சொன்னார். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. ரொம்ப ரொம்ப நல்லா இருந்துச்சு."

அம்மாள் முகம் செத்துப்போயிற்று. கையிலிருந்த கரண்டியை அடுப்பு மேட்டில் வைத்தார். வாத்தியார் கயிற்றை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார்.

வீட்டுக்காரருக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. "என்னவாம்?" என்றார்.

அம்மாள் அவர் காதுப் பக்கம் போய்ச் சத்தமாகச் சொன்னார். "நல்லாருக்காம்."

"அடப்பாவமே" என்றார் அவர். "எதுல கெட்டுச்சு? ரசத்துலயா?"

முதலாளி மகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன டிரைவர், நான் ஏதாவது தப்பா..." என்றார்.

பேச வேண்டியது நான்தான். அந்த வாரத்தில் மட்டும் அதற்கு முன் ஒரு வருஷத்தில் பேசியதை விட அதிகம் பேசிவிட்டேன்.

"அக்கா, அவரு பட்டணத்துல படிச்சவரு. அவுக ஊர்ல நல்லாருக்குன்னா நல்லாருக்குன்னுதான் அர்த்தம்."

அம்மாள் நம்பவில்லை. "அப்படியும் ஒரு ஊரு இருக்குமா தம்பி?"

"இருக்குதாம்."

அவர் முதலாளி மகனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏங்க தம்பி, மெய்யாத்தான் சொல்றீகளா? கொழம்பு எப்படி இருந்துச்சு, நேராச் சொல்லுங்க."

மகன் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் காட்டவில்லை. அவர் பரீட்சையில் கேள்வி கேட்டது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். பிறகு எங்கள் ஊர்க்காரர் மாதிரியே, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பரவாயில்லைங்க."

அம்மாள் கரண்டியைத் திரும்ப எடுத்தார். "மோர் இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?" என்றார்.

வீட்டுக்காரர், "இப்ப என்னவாம்?" என்றார். யாரும் சொல்லவில்லை. அவர் மனைவியின் கையில் இருந்த கரண்டியைப் பார்த்தார், வண்டிக்குப் போனார், கவிழ்த்து வைத்த குண்டானை இறக்கினார். வாத்தியார் கட்டிய கயிற்றை அவிழ்க்க நேரமாயிற்று. நன்றாகக் கட்டியிருந்தார். நானும் ஒரு பெஞ்சுக்குக் கை கொடுத்தேன்.

பஸ் புறப்படுவதற்கு முன்னால் முதலாளி மகன் சொல்லிவிட்டார், நாளையிலிருந்து பஸ் இங்கேதான் நிற்கும் என்று. அம்மாள் எத்தனை மணிக்கு வரும் என்று மறுபடி ஒரு தடவை கேட்டுக்கொண்டார். பன்னிரண்டரை என்றேன்.

"தம்பி" என்று வாத்தியாரைக் கூப்பிட்டார். "நீ ஊருக்குப் போறப்ப ஒம் பொண்டாட்டிகிட்டச் சொல்லு. அக்கா வரலையாம், கோவிச்சுக்க வேணாம்னு. அப்பறம் காலையில ஒரு கட்டு வாழையெல குடுத்து விடு. இங்க பத்தாது."

பஸ்ஸில் ஏறியபிறகு முதலாளி மகன் நோட்டைத் திறந்து பழைய மார்க்கையெல்லாம் அடித்தார். புதிதாக ஒன்றும் போடவில்லை. நோட்டை என்னிடம் கொடுத்து, வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்றார். டயர் மாற்றியதை எழுத அது ரொம்ப நாள் உதவியது.

புதன்கிழமை பன்னிரண்டு இருபத்தெட்டுக்குக் கொட்டகை வாசலில் நிறுத்தினேன். சோறு பாயில் ஆறிக்கொண்டிருந்தது. பெஞ்சு பத்தவில்லை. மூன்று பந்தியாகச் சாப்பிட்டார்கள். இருபது நிமிஷம் இருபத்தாறு நிமிஷம் ஆயிற்று. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார். சாப்பிட்டவர்களில் மலைக்குப் போகிறவர்களும் இருந்தார்கள். யாரும் மாதா படத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

நான் கை கழுவப் பின்பக்கம் போனபோது அம்மாளின் வீட்டுக்காரர் குனிந்து எச்சில் இலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கும் கண்டக்டருக்கும் போட்ட இரண்டை எடுத்துத் தனியாக வைத்தார். அது கணக்கில் சேராது. மற்றதை முதலிலிருந்து மறுபடி எண்ணினார். அவருக்குக் கேட்க வேண்டுமே என்று அடுப்படியிலிருந்து அம்மாள் கத்திக் கேட்டார், எத்தனை என்று.

முப்பத்தொன்பது.